38 குட்டிகள், ஒரு பாறைத் துண்டு: கயென்டாதீரியம் நிகழ்வு ஆய்வு

கயென்டாதீரியம் என்ற அழிந்துபோன விலங்கின் வளர்ந்த உயிர் ஒன்றும் அதன் குட்டிகள் குறைந்தது 38-ம் ஒரே பாறைத் துண்டில் கிடைத்திருப்பதாக 2018 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த ஈவா ஹாஃப்மனும் டிமொத்தி ரோவும். செய்திகள் 38 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்தக் கட்டுரையைத் தாங்கி நிற்பது எண்ணிக்கை அல்ல, குட்டிகளின் தலை வடிவம். எண்ணிக்கை மட்டும் கிடைத்திருந்தால் அது ஒரு வியப்பான தகவலாகவே நின்றிருக்கும். தலையின் விகிதமும் சேர்ந்ததால்தான் பாலூட்டிகளின் மூளை எப்படிப் பெருத்தது என்ற பழைய கேள்விக்கு அது சான்றாயிற்று. இரண்டும் எப்படி எடுக்கப்பட்டன, ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தனித்தனியே பார்ப்போம்.

விலங்கு

கயென்டாதீரியம் பாலூட்டி அல்ல. பாலூட்டிகளை ஈன்ற கிளையிலேயே, அவை தோன்றுவதற்குச் சற்று முன் பிரிந்துபோன சைனோடான்ட் வகை. அதில் டிரைடிலோடான்டிட் என்ற தாவர உண்ணிக் குடும்பம். முன்பற்கள் கொறிவிலங்குகளுடையவை போலப் பெரியவை. கோரைப்பல் கிடையாது, அந்த இடம் வெறும் இடைவெளி. மேல் கடைவாய்ப்பற்களில் மூன்று வரிசைக் குமிழ்கள், கீழ்ப்பற்களில் இரண்டு வரிசை. கீழ் வரிசைகள் மேல் வரிசைகளின் பள்ளங்களில் பொருந்தி, தாடை பின்னோக்கி இழுபடும்போது இலை அரைபடும். முன்னால் உள்ள பல் தேய்ந்து விழ, பின்னாலிருந்து புதுப்பல் முளைத்து வரிசை முன்னே நகரும்.

தாடை மூட்டு மட்டும் பழைய பாணியிலேயே இருக்கிறது. நமக்கு நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டை எலும்பாகவும் உள்ளவை இதற்கு இன்னும் தாடையைத் தாங்கும் ஆர்ட்டிகுலர், குவாட்ரேட் எலும்புகள். உடலில் பெரும்பகுதி பாலூட்டிச் சாயல், மூட்டில் ஊர்வனச் சாயல். பாலூட்டி இயல்புகள் எந்த வரிசையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன என்று கேட்பவருக்கு இத்தகைய கலவைதான் வேண்டும்.

இது கிடைத்த இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கயென்டா பாறை அடுக்கு, தொடக்க ஜுராசிக் காலம். வயது சுமார் 18.4 கோடி ஆண்டு.

பாறையிலிருந்து மேசைக்கு

மாதிரியை ரோவின் குழு 2000-இல் எடுத்தது. அப்போது கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வளர்ந்த விலங்கு மட்டுமே. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல், செபாஸ்டியன் எக்பர்ட்ஸ் என்ற புதைபடிவச் சீரமைப்பாளர் உறையைப் பிரிக்கும்போது மணல்மணி அளவில் பற்சிப்பி ஒன்று மின்னியது. மீன் பல்லைப் போலவோ சிறு ஊர்வனவற்றின் பல்லைப் போலவோ அது கூம்பாக இல்லை. கடைவாய்ப்பல்லின் சாயல் இருந்தது. வளர்ந்த விலங்கின் பல்லாக இருக்க முடியாத அளவுக்குச் சின்னது. இந்த நிகழ்வு முழுவதும் அந்தப் பொட்டிலிருந்து தொடங்குகிறது.

இங்கே எளிதாக என்னவெல்லாம் கெட்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது நல்லது. களத்தில் எலும்பைத் தனித்தனியே பெயர்த்தெடுக்காமல் சுற்றிலும் பள்ளம் தோண்டி, அடியைக் குடைந்து, காளான் போல நிற்கும் கட்டியாக விடுவார்கள். அதன்மேல் ஈரக் காகிதம் போர்த்தி, பிளாஸ்டர் கரைசலில் முக்கிய சாக்குத்துணிப் பட்டைகளைச் சுற்றி, இறுகியபின் தண்டை உடைத்துக் கவிழ்த்து அடியையும் மூடுவார்கள். ஈரக் காகிதத்தை மறந்தால் பிளாஸ்டர் எலும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையைப் பிரித்தால் எலும்பும் சேர்ந்து பிரியும். கவிழ்க்கும்போது நடுக்கட்டி நழுவினால் எல்லாம் சல்லி. உறையின்மேல் எண்ணும் திசையும் எழுதாமல் விட்டால், எது மேல் எது கீழ் என்பது பத்தாண்டு கழித்துத் திறப்பவருக்குப் புதிர்.

ஆய்வகத்தில் வரும் ஆபத்து வேறு விதம். காற்றழுத்த ஊசியால் பெரிய எலும்பை வெளிக்கொணரும் அவசரத்தில் சுற்றியுள்ள பாறை தூளாகிக் குப்பைக்குப் போகும். ஒரு சென்டிமீட்டர் மண்டையோடு அந்தத் தூளில் ஒரு பிடி கூட இல்லை. வளர்ந்த விலங்கின் எலும்பு வெளியே வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தால் இன்று இந்தக் கட்டுரையே இல்லை. பெரிய எலும்பைச் சுற்றிய மண்ணைச் சலிக்காமல் எறியாதீர்கள் என்று சீரமைப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

ஸ்கேன்: எண்கள் எங்கே இடிக்கும்

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் பாறைக்குள் ஒரு சில எலும்புகள் மட்டுமே தெரிந்தன. முழு மண்டையோடுகளும் உடற்கூட்டின் பகுதிகளும் தெரிய, ஸ்கேன் நுட்பம் வளர்ந்து, அதன்மேல் ஹாஃப்மன் கணினியில் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு காலம் என்பது கணக்குப் போட்டால் புரியும்.

மருத்துவமனை ஸ்கேனில் நோயாளி அசையாமல் படுத்திருக்க, கருவி சுற்றும். தொழிலக வகை ஸ்கேனில் மாதிரி சுழலும், கதிர் நிலையாக நிற்கும். கதிரளவால் நோகும் உயிர் எதுவும் அங்கே இல்லை என்பதால் ஆற்றலைக் கூட்டலாம், நேரத்தை நீட்டலாம். ஆனால் தெளிவு என்பது பார்வைப் பரப்பைப் பொறுத்தது. உணரியில் குறுக்கே 2,000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. அகலக் கட்டியை முழுதாகப் படம் எடுத்தால் ஒரு வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) 0.15 மி.மீ. ஒரு செ.மீ. மண்டையோடு அதில் 66 வாக்சல் நீளம் வரும். குட்டியின் பல் குமிழ் 0.2 முதல் 0.3 மி.மீ. என்றால் அதற்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ வாக்சல். பல் இருக்கிறது என்று தெரியும். யாருடைய பல் என்று தெரியாது. பார்வைப் பரப்பை 10 செ.மீ.க்குக் குறைத்தால் வாக்சல் 0.05 மி.மீ. ஆகும், மண்டையோடு 200 வாக்சல். இப்போதுதான் குமிழ் வரிசையை எண்ணலாம். ஒரு வடிவத்தை நம்பிச் சொல்ல, குறுக்கே குறைந்தது மூன்று நான்கு வாக்சல்களாவது வேண்டும்.

அடுத்த தொல்லை அடர்த்தி. புதைபடிவ எலும்பும் பாறைதான். இரண்டின் சாம்பல் நிறமும் நெருங்கி வந்தால், இந்த மதிப்புக்கு மேல் எலும்பு, கீழே பாறை என்று கணினியிடம் ஒரு கோடு போட்டுக் கொடுத்து ஒதுங்க முடியாது. இரும்பு ஆக்சைடு படிந்த இடம் எலும்பைவிடப் பளிச்சென்று தெரிந்து ஏமாற்றும். தடித்த கட்டியில் மென்கதிர்கள் வெளிப்பக்கத்திலேயே உறிஞ்சப்படுவதால் ஓரம் வெளுப்பாகவும் நடு கருப்பாகவும் வரும். ஒரே எலும்பு ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம். கதிர்க்குழாய் முன் செம்புத் தகடு வைத்து மென்கதிரை முன்கூட்டியே வடிகட்டினால் இது குறையும், முழுதாகப் போகாது.

ஆகவே கடைசியில் கைதான். துண்டு துண்டாக, ஒவ்வொரு படத்திலும் எலும்பின் விளிம்பை வரைய வேண்டும். நேரம் மிச்சப்படுத்த பத்துப் படங்களுக்கு ஒன்றை வரைந்து இடைப்பட்டதைக் கணினியை நிரப்பச் சொல்வது வழக்கம். பெரிய எலும்புக்கு அது சரி. குட்டியின் எலும்புச் சுவர் ஓரிரு வாக்சல் தடிமன். இடைநிரப்பல் பக்கத்துப் பக்கத்து எலும்புகள் இரண்டை ஒன்றாக ஒட்டிவிடும். 38 குட்டிகளின் எலும்புகள் நெருங்கிக் கிடக்கும் கட்டியில் அது நேரடியாக எண்ணிக்கைப் பிழை.

எண்ணுவது எப்படி

கலைந்து கிடக்கும் எலும்புக் குவியலில் எத்தனை உயிர் என்று சொல்ல ஒரு பழைய விதி உண்டு: அதிகமுறை வரும் ஒரே பக்க எலும்பின் எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, பற்கள் 300, இடக் கீழ்த்தாடை 20, வலக் கீழ்த்தாடை 26 கிடைத்தால் குறைந்தபட்சம் 26 உயிர்கள். 46 அல்ல, 300-ம் அல்ல. உடைந்த தாடையின் இரு துண்டுகளை இரண்டாக எண்ணிவிடாமல் இருக்க, ஒவ்வொரு துண்டிலும் ஒரே அடையாளப் புள்ளி, உதாரணமாக ஒரு குறிப்பிட்ட பல்லின் வேர்க்குழி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த விதி தரும் எண் எப்போதும் கீழ் எல்லை. புதையும் முன்பே சிதைந்தவையும் கட்டி வெளிப்பட்டபின் மழையில் அரித்துப்போனவையும் கணக்கில் வராது. எனவே ‘38 குட்டிகள்’ என்பதை ‘38-க்குக் குறையாமல்’ என்றே வாசிக்க வேண்டும். இன்றுள்ள எந்தப் பாலூட்டியின் சராசரி ஈற்றையும்விட (ஒரே முறையில் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை) இது இரு மடங்குக்கு மேல். மடகாஸ்கரின் வாலில்லா டென்ரெக் ஒன்றில் 32 பதிவானது உச்சம். சராசரி அதைவிட வெகு குறைவு. உப்புநீர் முதலையின் கூட்டில் 40 முதல் 60 முட்டைகள் சாதாரணம். 38 என்ற எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனாலும் ஒரே கூட்டின் எண்ணை மற்ற இனங்களின் சராசரியோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கிடைத்தது அந்த இனத்தின் வழக்கமான கூடா, அபூர்வமான கூடா என்று ஒற்றை மாதிரி சொல்லாது.

குட்டி என்று எழுதிக்கொண்டே போகிறோம். தமிழில் அது சரியான சொல்லா என்பதே கேள்வி. பிளாட்டிபஸும் எகிட்னாவும் இன்றும் முட்டையிடுகின்றன; முதலை, பல்லி, பறவை எல்லாம் முட்டையிடுபவையோ முட்டையிடும் மூதாதை உடையவையோதான். இரு பக்கமும் முட்டை இருக்கும்போது நடுவில் உள்ள கயென்டாதீரியமும் முட்டையிட்டது என்று கொள்வதே சிக்கனம். இவை முட்டைக்குள்ளேயே இருந்தவை, அல்லது பொரித்துச் சில நாளே ஆனவை என்பது ஆய்வாளர் கருத்து. அப்படியானால் ‘குஞ்சு’ என்பதே பொருந்தும். பழகிவிட்டதால் குட்டி என்றே இருக்கட்டும்.

தலையின் விகிதம்

இதுதான் மையம். பிறந்த பாலூட்டியின் தலையைப் பாருங்கள்: உப்பிய நெற்றி, ஒட்டிய முகம். மூளை முந்திக்கொண்டு பெருக்கிறது, முகம் பிறகு நீள்கிறது. வளர வளர முகத்தின் பங்கு கூடி மூளைப்பெட்டியின் பங்கு குறையும். இது மாறுவிகித வளர்ச்சி. கயென்டாதீரியம் குட்டிகளின் மண்டையோடோ வளர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. வடிவம் ஏறக்குறைய அதே அச்சு. பெரியதைச் சுருக்கி வைத்தது போல. இது சமவிகித வளர்ச்சி.

கண்ணால் பார்த்து அப்படிச் சொன்னால் போதாது. ஒவ்வொரு பாகத்தின் நீளத்தையும் மண்டையோட்டின் மொத்த நீளத்தையும் மடக்கையாக்கி, ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வரைந்து கோட்டின் சரிவை எடுப்பார்கள். சரிவு 1 என்றால் சமவிகிதம். 1-க்கு மேல் என்றால் அந்தப் பாகம் வளர வளரப் பங்கு கூட்டிக்கொள்கிறது. வசதிக்காக எடுத்த எண்களில் போட்டுப் பார்ப்போம். பெரியதன் மண்டையோடு 100 மி.மீ., முகம் 50. குட்டியின் மண்டையோடு 10 மி.மீ. முகம் 5 என்றால் சரிவு சரியாக 1. பாலூட்டி பாணியில் முகம் 3 ஆக இருந்திருந்தால் சரிவு 1.22. இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

பிழை எவ்வளவு ஆட்டும்? குட்டியின் முகத்தை அளப்பதில் 0.3 மி.மீ. தவறினால் சரிவு 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே ஆடும். அது தாங்கக்கூடியதே. ஆனால் பாறை அழுத்தத்தில் முகம் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கி 4 மி.மீ. ஆகத் தெரிந்தால் சரிவு 1.10. மெய்யான சமவிகிதத்துக்கும் பாலூட்டிப் பாணிக்கும் நடுவழி. அளவுகோலின் துல்லியத்தைவிட நசுங்கலே இங்கே பெரிய எதிரி. பல குட்டிகள் இருப்பதன் உண்மையான லாபமும் இதுதான்: ஒவ்வொரு தலையும் வெவ்வேறு திசையில் நசுங்கியிருக்கும்; எல்லாம் ஒரே திசையில் தவறாது. 38 என்ற எண் தலைப்புச் செய்திக்கு உதவியதைவிட இந்தக் கோட்டுக்கு அதிகம் உதவியது.

பலவீனம் ஒன்று மிச்சம். புள்ளிகள் இரண்டு கொத்தாகவே விழுகின்றன: ஒரு மூலையில் குட்டிகள், மறு மூலையில் வளர்ந்தது. நடுவயது விலங்கு கோட்டில் இல்லை. இடையில் முகம் நீண்டு பிறகு மற்றவை எட்டிப்பிடித்திருந்தால் இந்தச் சரிவு அதைக் காட்டாது. முடிவு நிலைகள் இரண்டும் ஒரே அச்சு என்பதே உறுதி.

மூளைக்கும் ஈற்றுக்கும் முடிச்சு

மூளை தீனி தின்னும் உறுப்பு. பெரிய மூளையோடு ஒரு குட்டியை உருவாக்க முட்டையிலோ கருவிலோ பாலிலோ கூடுதல் ஆற்றலைக் கொட்ட வேண்டும். தாயின் கையிருப்பு ஓர் அளவுதான். எனவே பல சிறுமூளைக் குட்டிகள், அல்லது சில பெருமூளைக் குட்டிகள். கயென்டாதீரியத்தில் நிறையக் குட்டிகளும் மூளைக்காக உப்பாத தலையும் ஒன்றாக இருப்பதால், பெரிய ஈற்றை விட்டுக்கொடுத்துப் பெரிய மூளையைப் பெற்ற மாற்றம் இந்தக் கிளை பிரிந்தபின்தான் நடந்தது என்பது ஆய்வாளர் முடிவு.

ரோ 2011-இல் மேக்ரினி, லுவோ ஆகியோருடன் சயன்ஸ் இதழில் மூளை அச்சுகளைப் (மண்டையோட்டின் உட்குழிவு காட்டும் மூளை வடிவம்) பற்றி எழுதியது இதற்கு மறுபாதி. பாலூட்டிகளுக்கு இன்னும் நெருங்கிய மார்கனுகோடான், ஹாட்ரோகோடியம் என்ற இரு சிறு விலங்குகளின் மண்டையோடுகளை ஸ்கேன் செய்து, மூளை பல கட்டங்களாகப் பெருத்தது என்றும் மோப்பத்துக்கான பகுதியே முதலில் தள்ளிக்கொண்டு போனது என்றும் காட்டினர். ஹாட்ரோகோடியத்தின் மண்டையோடு வெறும் 12 மி.மீ.; அதுவே வளர்ந்த விலங்கு.

இங்கே வாசகர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சீனாவின் யுன்னானில் கிடைத்த ஹாட்ரோகோடியம் கயென்டாதீரியத்தைவிட வயதில் மூத்தது. பிறகு எப்படி மூளைப் பெருக்கம் ‘பின்னால்’ நடந்தது? பின்னால் என்பது நாட்காட்டியில் அல்ல, கிளையில். சித்தப்பா பிள்ளை வயதில் இளையவனாக இருந்தும் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருக்கலாம் அல்லவா? டிரைடிலோடான்டிட்கள் கிரிட்டேசியஸ் காலம் வரை தாக்குப்பிடித்தன. அவை பழைய இனப்பெருக்க முறையைப் பத்திரப்படுத்திய கிளை.

எங்கே சந்தேகப்படலாம்

வளர்ந்தது தாய்தானா? ஆணா பெண்ணா என்று எலும்பில் எழுதியிருக்கவில்லை. தாய் என்பது ஊகம். கட்டுரையும் அப்படித்தான் வைக்கிறது. குட்டிகள் இரையாக இருக்கலாமா என்றால், அரைக்கும் பல் கொண்ட தாவர உண்ணியின் வயிற்றில் தன் இனக் குட்டிகள் இத்தனை, மண்டையோடு முழுசாக, கிடப்பது நம்பும்படி இல்லை. வேறொரு சிறு இனமாக இருக்கலாமா என்ற கேள்விக்கு முப்பரிமாணப் படத்தில் தெரிந்த பற்களும் மண்டையோடும் விடை தந்துவிட்டன. பல தாய்களின் ஈற்றுகள் ஒரே கூட்டில் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் எளிதில் தள்ள முடியாத மாற்று. அப்படி இருந்தால் ஈற்றளவு சரியும். தலை விகிதம் சரியாது. முடிவில் பாதி தப்பிக்கும்.

இன்னொன்று மரபுவரிசை. டிரைடிலோடான்டிட்கள் பாலூட்டிகளுக்கு மிக நெருங்கியவை என்று ஒரு சாரார்; மற்ற தாவர உண்ணிச் சைனோடான்ட்களோடு சேர்ந்தவை, எனவே சற்றுத் தொலைவு என்று மற்றொரு சாரார். இரண்டாவது சரியென்றால் மூளைக்கும் ஈற்றுக்குமான மாற்றம் நடந்திருக்கக்கூடிய இடைவெளி அகலும். அதன் திசை மாறாது.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இந்த இடைவெளியின் மறுகரையிலிருந்து நெருங்குகின்றன. 2020-இல் வெளிவந்த ஒரு ஆய்வு வேல்ஸில் கிடைத்த மார்கனுகோடான், கூனியோதீரியம் என்ற தொடக்கப் பாலூட்டி உறவினங்களின் பற்களின் வேரில் படியும் சிமெண்டம் வளையங்களை, மரவளையம் எண்ணுவது போல, எண்ணியது. முன்னதன் ஆயுள் 14 ஆண்டு வரை, பின்னதன் ஆயுள் 9 ஆண்டு வரை. அந்த உடலளவுள்ள இன்றைய பாலூட்டிகள் பல இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். 2024-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து 16.6 கோடி ஆண்டுப் பழைய குருசடோடான் என்ற சிறு பாலூட்டி உறவினத்தின் வளர்ந்த எலும்புக்கூடும் இளம் எலும்புக்கூடும் ஒருசேர விவரிக்கப்பட்டன. வளர்ந்தது இறக்கும்போது சுமார் 7 வயது. இளையது 7 முதல் 24 மாதம், அப்போதும் பால்பல் மாறி முடியவில்லை. இன்றைய சிறு பாலூட்டிகள் சில மாதங்களில் முடிக்கும் வேலை அது.

தலை விகிதத்துக்கு இன்னும் வேண்டியது மார்கனுகோடான் வகைக் குட்டியின் முழு மண்டையோடு. அதில் முகம் ஒட்டி நெற்றி உப்பியிருந்தால் மாற்றம் அந்தக் கணுவுக்கு (மரபுவரிசையில் கிளை பிரியும் இடம்) முன்பே முடிந்திருக்கிறது. கயென்டாதீரியம் போலவே சுருக்கிய அச்சாக இருந்தால் கோட்டை இன்னும் மேலே நகர்த்த வேண்டும். அப்படியொன்று கிடைத்தால் அளவு ஏறக்குறைய அரிசிமணி. இப்போது எந்த அருங்காட்சியகத்தின் பிளாஸ்டர் உறைக்குள்ளும் இருக்கலாம்.